நமக்கு வருஷம் எப்போது பிறக்கிறது? (ஓய்வுக்கு ஐந்து மாதம் இருக்கும் ஒரு டீச்சரின் கேள்வி)

வீரசோழன்கரை_டீச்சர்
1 ஜனவரி 2026, காலை 6.10

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருஷத்துக்கு மேலாக இங்கே வாசித்துவிட்டுப் போகிறவள். இன்றைக்குத்தான் முதல் இழை தொடங்குகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். (இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. திருத்துவது என் வேலை.)

காலை ஐந்து மணிக்கு வாசல் தெளிக்க வெளியே வந்தால், தெருவை அடைத்துக்கொண்டு ‘ஹேப்பி நியூ இயர்’. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் கலர்ப்பொடியில் எழுதிவிட்டுப் படுத்திருக்கிறார்கள். இங்கிலீஷ் எழுத்து, ஒவ்வொன்றும் ஆளுயரம். அதில் ‘ஹேப்பி’க்கு ஒரு ‘பி’ குறைகிறது. எழுதியவர்களில் பாதிப் பேர் என்னிடம் ஒன்றாம் வகுப்பு படித்தவர்கள், ஆகவே தப்பு யாருடையது என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். கோலப்பொடி டப்பாவை எடுத்து வந்து, நோட்டில் போடுவது போலவே, விடுபட்ட இடத்தில் கூரை மாதிரி ஒரு குறி போட்டு மேலே அந்த எழுத்தை எழுதினேன். அதற்குப் பிறகுதான் என் வாசலுக்குச் சாணி தெளித்தேன். மார்கழி 17. பரங்கிப்பூ மூன்றுதான் கிடைத்தது. நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மழை பெய்ததில் கொடி பாதி அழுகிவிட்டது.

பேத்தி அரையாண்டு லீவுக்கு வந்திருக்கிறாள், சென்னையில் இரண்டாம் வகுப்பு. பல் விளக்கும்போதே கேட்டாள்: “அம்மாச்சி, உன் ரெசல்யூஷன் என்ன?” தமிழில் சொல் என்றேன். கொஞ்சம் யோசித்து, “தீர்மானம்” என்றாள். தீர்மானமெல்லாம் ஜனவரி 26 கிராம சபையில் போடுவார்கள், நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள், அதோடு சரி என்றேன். அவளுக்குப் புரியவில்லை. மாப்பிள்ளைக்குப் புரிந்து சிரித்தார்.

கேள்வி என்னவோ என்னை விடவில்லை. காரணம் இதுதான். வருகிற மே 31 எனக்குக் கடைசி நாள். 1989-ல் வேலைக்குச் சேர்ந்தேன், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. அன்றைக்குக் கரும்பலகையின் மேல் ‘தஞ்சாவூர் மாவட்டம்’ என்று எழுதினேன். 1991-ல் அதை அழித்து ‘நாகப்பட்டினம்’ என்று எழுதினேன். 2020 டிசம்பர் 28-ல் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது. அரையாண்டு லீவிலும் கொரோனா பூட்டிலும் கிடந்த பள்ளியைத் திறந்துகொண்டு போய் அதையும் மாற்றி எழுதினேன், பார்க்க ஒரு பிள்ளைகூட இல்லை. எங்கள் தெருவைவிட்டு நான் எங்கேயும் போகவில்லை. மூன்று மாவட்டத்தில் வேலை பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வேடிக்கை. ஜாதகப்படி நான் பிறந்தது பராபவ வருஷம் பங்குனி, அதாவது 1967. சர்டிபிகேட்டில் 1966 மே. 1971-ல் கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொடச் சொன்னார்கள். எட்டவில்லை. என் அப்பாவுக்காகப் பெரிய வாத்தியார் பத்து மாதம் கூட்டிப் போட்டு உட்காரவைத்தார். அன்றைக்குக் கிடைத்த அந்தப் பத்து மாதத்தை இப்போது அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொள்கிறது, கணக்கு சரி. வருகிற சித்திரை 1-ல் அறுபது வருஷச் சுற்று முடிந்து அதே பராபவ திரும்பி வருகிறது. திருக்கடையூர் எங்களுக்குப் பக்கம். அங்கே அறுபதுக்கு அறுபது கல்யாணம் நடக்காத நாள் குறைவு. ஆனால் அது வீட்டுக்காரருக்கு அறுபது நிறைந்தால்தான். பெண்ணுக்கு அறுபது வந்தால் பி.எஃப். படிவத்தில் கையெழுத்துப் போடுவதோடு சரி.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஜனவரி 1 எனக்கு எந்தக் காலத்திலும் வருஷப் பிறப்பாகத் தோன்றியதில்லை. அன்றைக்குப் புது தினசரி காலண்டரை ஆணியில் மாட்டுவோம், பழைய அட்டையைப் பிள்ளைகள் பரீட்சைக்கு எழுதும் அட்டையாக எடுத்துக்கொள்வார்கள். தை 1 அறுப்புக்கான நாள். சித்திரை 1-க்கு மாங்காய்ப் பச்சடியும் வேப்பம்பூவும். வருஷம் என்று என் உடம்பு அறிந்தது ஜூன்தான். புது வருகைப் பதிவேட்டைப் பிரித்து முதல் பக்கத்தில் 1 என்று போட்டு ஒரு பெயர் எழுதுகிற காலை. அப்படி 37 ஜூன். இந்த வருஷம் ஜூன் வரும், பதிவேடு இருக்காது.

எனக்கு வருஷம் இனி எப்போது பிறக்கும்? உங்கள் ஊரில், உங்கள் வேலையில் எப்போது பிறக்கிறது? விளையாட்டாகக் கேட்கவில்லை.

கடைமடை_விவசாயி
1 ஜனவரி 2026, காலை 9.25

டீச்சரம்மா வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் நான். வயல்ல இருந்து எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா கூரை போட்டுக்குங்க.

நீங்க ஜூன்னு சொன்னீங்க பாருங்க, அங்கேயே நாம ஒரே கட்சி. எங்களுக்கு வருஷம் ஜூன் 12. மேட்டூர் அணை திறக்குற நாள். ஆனா அந்த நாள் எல்லா வருஷமும் வர்றதில்ல. 2012-லேர்ந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம் ஜூன் 12-ல திறக்கவே இல்ல. 2020-ல திறந்தாங்க. 2022-ல பாத்தா மே 24-லேயே திறந்துட்டாங்க, நாத்தங்காலுக்கு உழக்கூட இல்ல பாதிப் பேரு. 2024-ல ஜூலை 28. போன வருஷம் சரியா ஜூன் 12. எங்க வருஷப் பிறப்பு எப்பன்னு கேட்டா, கர்நாடகாவுல மழை பெஞ்சு அங்கேர்ந்து பதில் வரணும்.

அதுலயும் கடைமடைக்கு, அதாவது வாய்க்காலோட கடைசிக் கோடிக்கு, தண்ணி வர்றது வேற கணக்கு. எங்களுக்குக் குறுவை கொஞ்சம், சம்பாதான் அதிகம், அதுவும் நேரடி விதைப்பு. மேல இருக்குறவங்களுக்கு வருஷம் பொறந்து, பேரு வச்சு, காது குத்துன பிறகுதான் எங்களுக்குச் சேதி வரும்.

சித்திரை 1-க்கு நல்லேர் பூட்டுவோம். அப்பா காலத்துல ஊர்ல இருக்குற அத்தனை ஏரும் கொம்புக்கு மஞ்சள் தடவி ஒரே வயல்ல இறங்கும். இப்ப டிராக்டருக்குப் பொட்டு வச்சு, தேங்கா உடைச்சு, ரெண்டு சுத்து. டிரைவர் அவசரமா அடுத்த ஊருக்குப் போவணும்பான்.

துபாயில்_கும்பகோணம்
1 ஜனவரி 2026, பகல் 12.40

நல்ல இழை. ஆனா ஒரு அடிப்படைக் கேள்வி விட்டுப்போச்சு. தமிழ்ப் புத்தாண்டு தையா, சித்திரையா? 2008-ல் சட்டம் போட்டுத் தை 1-ன்னு ஆக்கினாங்க. 2011-ல் ஆட்சி மாறினதும் திரும்பச் சித்திரை 1. இந்த அறுபது வருஷப் பேரே தமிழ் இல்ல, பிரபவ, விபவ, பராபவன்னு. டீச்சரே இதைக் கொண்டாடலாமா? இன்னொரு பக்கம், பரம்பரை பரம்பரையா சித்திரைக்குத்தான் கோயிலில் பஞ்சாங்கம் படிக்கிறோம், அதை யாரோ ஒருத்தர் கையெழுத்தில் மாத்த முடியுமா? ரெண்டு கட்சிக்காரனும் வரலாம். நான் தயார்.

மட்டுறுத்துநர்
1 ஜனவரி 2026, பகல் 1.05

தை/சித்திரைக்கு ஏற்கெனவே 4 இழை இருக்கின்றன, நான்கையும் பூட்டியிருக்கிறோம். ஐந்தாவது வேண்டாம். டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுங்கள். கும்பகோணத்தாரே, உங்களுக்குத்தான்.

வீரசோழன்கரை_டீச்சர்
1 ஜனவரி 2026, மாலை 4.30

பூட்ட வேண்டாம், ஒரு வரி சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று வருஷமும் எங்கள் பிள்ளைகள் கட்டுரை நோட்டில் ‘தமிழ்ப் புத்தாண்டு’ என்று தலைப்புக் கொடுத்தால் பாதிப் பேர் கரும்பு வரைவார்கள், பாதிப் பேர் மாங்காய். இரண்டுக்கும் மதிப்பெண் போட்டேன். ஒருவன் மாங்காயும் கரும்பும் சேர்த்து வரைந்தான், அவனுக்கு ஒன்று கூடுதல்.

பராபவ தமிழ்ப் பெயர் இல்லை என்பது எனக்கும் தெரியும் தம்பி. அதற்கு அர்த்தமும் நல்லதாக இல்லை, தோல்வி என்பார்கள். அந்தப் பெயரோடு பிறந்து 37 வருஷம் வேலை பார்த்துவிட்டேன், இனி அது என்னை என்ன செய்யும்?

பஞ்சாங்கம் படிப்பது பற்றிச் சொன்னீர்கள். எங்கள் சிவன் கோயிலில் இப்போதும் நடக்கிறது. இந்த வருஷம் எத்தனை மரக்கால் மழை என்று குருக்கள் படிப்பார். அதைக் கேட்கக் கிழவர்கள் காதில் கை வைத்துக் குனிவார்கள். மரக்காலால் நெல் அளந்து பார்த்தவர்கள் அவர்கள்தான். என் பள்ளியில் ஒரு மரக்கால் வாங்கி வைத்திருக்கிறேன், கணக்குப் பாடத்துக்கு. பிள்ளைகள் அதைப் பேனா ஸ்டாண்ட் என்று நினைக்கிறார்கள்.

பொறையார்_அக்கா
1 ஜனவரி 2026, இரவு 8.15

டீச்சர், எங்களுக்கு ஜனவரி 1 உண்மையாகவே வருஷப் பிறப்புதான், அதையும் பதிவு செய்கிறேன். நேற்று ராத்திரி ஆராதனை முடிந்து ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். தரங்கம்பாடி பக்கத்தில் சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கினதிலிருந்து இருக்கிற சபைகள் எங்களுடையவை. பழசு என்றால் நாங்களும் பழசு.

ஆராதனை முடிவில் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டை வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும், அதில் உள்ள வசனம் அந்த வருஷம் முழுக்க நமக்கு. என் மாமியார் எடுத்த அட்டையைப் பைபிளிலேயே வைத்துக்கொள்வார், தூக்கிப் போடவே மாட்டார். அவர் போன பிறகு எடுத்துப் பார்த்தால் நாற்பதுக்கு மேல் இருந்தது. சில வருஷத்து வசனத்துக்குக் கீழே பென்சிலில் ‘சரி’ என்று எழுதியிருந்தார். சிலதில் ஒன்றும் எழுதவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. நம் ஊரில் ஜனவரி 1 என்றால் கேக் வெட்டுகிறவர்கள் பண்டிகை என்று நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் விடிந்தால் இட்லியும் கறிக்குழம்பும். கேக் கிறிஸ்துமஸோடு தீர்ந்துவிடும்.

நாகூர்_லாத்தா
2 ஜனவரி 2026, காலை 10.50

அக்கா சொன்னது சரி. டீச்சர், எங்க கணக்கையும் கேளுங்க. முஹர்ரம் முதல் பிறைதான் எங்க வருஷம். அது பிறையைப் பார்த்து வர்றதால ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினொரு நாள் முன்னால நகரும். சுமார் 33 வருஷத்தில் எல்லாப் பருவத்தையும் ஒரு சுத்துச் சுத்தி வந்துடும். எங்க உம்மாவுக்கு ஒரு வருஷப் பிறப்பு அறுப்புல வந்தது ஞாபகம் இருக்கு, இன்னொண்ணு ஆறு நிறைஞ்சு ஓடும்போது வந்தது. இப்ப ரெண்டு மூணு வருஷமா உங்க ஜூனுக்குப் பக்கத்துலதான் வந்து நிக்குது. போன வருஷம் ஜூன் கடைசி. இந்த வருஷம் நடு ஜூன்.

ஆனா உண்மையைச் சொல்லணும்னா நாகூர்ல யாரும் முஹர்ரத்துக்குப் புத்தாண்டு வாழ்த்துன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறதில்ல. ஊருக்கு வருஷம்னா தர்கா கந்தூரி விழா. ஜமாத்துல் ஆகிர் மாசப் பிறை பார்த்துக் கொடி ஏறி, சந்தனக்கூடு நாகப்பட்டினத்துலேர்ந்து வந்து, பதினாலு நாள். கடைக்காரங்க புதுக் கணக்கு எழுதுறது அதுக்கப்புறம்தான். ‘போன கந்தூரிக்கு முன்னாடி’ன்னுதான் கல்யாணமே பேசுவாங்க, தேதி சொல்ல மாட்டாங்க.

அக்கரைப்பேட்டை_மருமகள்
2 ஜனவரி 2026, இரவு 9.40

எல்லாரும் ஜூன் சொல்றீங்க, நாங்களும் ஜூன்தான்! ஏப்ரல் 15-லேர்ந்து 61 நாள் மீன்பிடித் தடை. ஜூன் 14 ராத்திரியோட முடியுது. விசைப்படகு எல்லாத்துக்கும் பெயிண்ட் அடிச்சு, வலை பின்னி, ஐஸ் ஏத்தி, நடு ராத்திரியில முதல் கடலுக்குப் போவாங்க. வீட்டு ஆம்பளைங்க ரெண்டு மாசம் கரையில இருந்து எங்களைப் படுத்துனது போதும்னு நாங்களும் சந்தோஷமா அனுப்பிவைப்போம். பள்ளிக்கூடம், மேட்டூர், கடல். எல்லாம் பதினஞ்சு நாளுக்குள்ள திறக்குது. இத்தனை வருஷம் நான் இதைச் சேர்த்துப் பார்த்ததே இல்ல.

ஜனவரி 1 பத்தி ஒண்ணு சொல்லணும். வேண்டாம்னா மட்டுறுத்துநர் எடுத்துடுங்க.

2005 ஜனவரி 1. சுனாமி வந்து ஆறாவது நாள். நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போயிட்டாங்க. நாங்க ஒரு பள்ளிக்கூடத்துல தங்கியிருந்தோம். வகுப்பறைப் பலகையில யாரோ டீச்சர் அரையாண்டுப் பரீட்சைக்கு எழுதின தேதி அழியாம இருந்துச்சு. டிசம்பர் 22-ஓ 23-ஓ. அங்கே இருந்த பத்து நாளும் அதை ஒருத்தரும் அழிக்கல. பிள்ளைங்க கையில சாக்பீஸ் கெடச்சா சும்மா இருக்குமா? மத்த இடமெல்லாம் கிறுக்கினாங்க, அதைத் தொடல. நிவாரணத்துக்கு வந்த ஒரு பையன் மட்டும் தெரியாம ‘ஹேப்பி நியூ இயர்’னுட்டு, அப்படியே நாக்கைக் கடிச்சுக்கிட்டு வெளிய போயிட்டான். பாவம், இன்னிக்கும் அந்த மூஞ்சி ஞாபகம் இருக்கு.

அதுக்குப் பிறகு எங்க வீட்டுல ஜனவரி 1-க்கு ஒண்ணும் செய்யிறதில்ல. கோபமெல்லாம் இல்ல. பழகலை, அவ்வளவுதான்.

வீரசோழன்கரை_டீச்சர்
2 ஜனவரி 2026, இரவு 10.55

மருமகளே, யாரும் எடுக்க மாட்டார்கள்.

2004 நம் பக்கத்தில் எப்படி ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். மார்ச்சில் கும்பகோணத்தில் மகாமகம். ஜூலை 16-ல் அதே கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். டிசம்பரில் கடல். மூன்றும் ஒரே வருஷம், ஒரே ஆற்றின் ஓரம்.

ஜூலைக்கு அடுத்த வாரம் எங்கள் பள்ளியின் கீற்றுக் கொட்டகையை நாங்களே பிரித்தோம், உத்தரவுத் தாள் கைக்கு வருவதற்கு முன்னாலேயே. சத்துணவு சமைக்கிற அடுப்புக்கும் ஒன்றாம் வகுப்புக்கும் நடுவில் எத்தனை அடி என்று அன்றைக்குத்தான் அளந்தேன். அதற்கு முன்னால் 15 வருஷம் அளந்ததில்லை. அந்த எண்ணை நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை.

டெட்_எழுதும்_பாட்டி
3 ஜனவரி 2026, காலை 7.30

டீச்சர், உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. உங்களுக்கு ஐந்து மாதம்தான், தப்பித்தீர்கள். எனக்கு 54. செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததே, ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிறவர்கள் இரண்டு வருஷத்துக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) தேறியாக வேண்டும் என்று? அந்தக் கணக்கில் நான் மாட்டிக்கொண்டேன். நவம்பர் 15-ல் தாள் ஒன்று எழுதினேன். ஹாலில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது நான் அஞ்சாங்கிளாஸ் எடுத்த பெண். “டீச்சர், பேனா வேணுமா?” என்று கேட்டாள். இருக்கிறதா இல்லையா என்று பையைத் துழாவுவதற்குள் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மூன்று மணி நேரம், 150 கேள்வி. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் என்று முதலில் முப்பது கேள்வி. இரண்டு பிள்ளை பெற்று, ஒரு பேரனைத் தூக்கி, முப்பது வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் அந்தப் பகுதியில்தான் தடுமாறினேன். பியாஜே என்ன சொன்னார், வைகாட்ஸ்கி என்ன சொன்னார் என்று கேட்கிறார்கள். நான் சொன்னதை யாரும் கேட்பதில்லை!

ஆகவே என் புத்தாண்டுத் தீர்மானம் ஒரு கைடு புத்தகம். பேரன் யு.கே.ஜி. அவன் ‘ஆப்ஷன் ஏ, ஆப்ஷன் பி’ என்று வாசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். எனக்கு முன்னால் அவன் பாஸாகிவிடுவான்.

தீர்ப்பு சரியா தப்பா என்று இங்கே சண்டை வேண்டாம். படிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது, அந்த ஒன்றைத்தான் சொல்ல வந்தேன். கட்டாயப்படுத்தினார்கள் என்பது பிடிக்கவில்லை.

புதுசா_வந்த_சார்
3 ஜனவரி 2026, இரவு 8.20

வணக்கம் டீச்சர்களே. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, ஒன்றாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை மூன்றாம் பருவம் தொடங்குகிறது. இன்னும் 4 பேருக்கு உயிர்மெய் வரவில்லை. எமிஸில் (கல்வித் துறையின் இணையப் பதிவு) ஏற்ற வேண்டியதை எல்லாம் ஏற்றிவிடுகிறேன், பிள்ளைகள் தலையில்தான் ஏறவில்லை. ஜனவரியில் புதிதாக எதையாவது ஆரம்பிக்கலாமா, இல்லை தாமதமாகிவிட்டதா?

வீரசோழன்கரை_டீச்சர்
4 ஜனவரி 2026, காலை 5.50

சார், தாமதமெல்லாம் இல்லை. எங்கள் மயிலாடுதுறையில் ஐப்பசி முழுக்கத் துலாக்கட்டத்தில் குளிப்பார்கள். கடைசி நாள் கடைமுகம், கூட்டம் தாங்காது. நடக்க முடியாத ஒருவர் அதற்கு வந்து சேர முடியாமல் கார்த்திகை 1 அன்றைக்கு வந்தார். அவருக்கும் அதே பலனைச் சுவாமி கொடுத்தார் என்பார்கள். இன்றைக்கும் அந்த நாளுக்கு முழுக்கு உண்டு. அதன் பெயரை மட்டும் நான் பிள்ளைகளிடம் சொல்வதில்லை, ‘முடவன் முழுக்கு’ என்பது வகுப்பில் சொல்கிற சொல் இல்லை. ‘ஒரு நாள் கழித்து வந்தவர் முழுக்கு’ என்று சொல்லிவைத்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வெளியே போய் அப்படியே சொல்லித் திட்டு வாங்குகிறார்கள்.

அந்த 4 பேருக்கு ஒன்று செய்யுங்கள். முதலில் காலையில் சாப்பிட்டார்களா என்று பாருங்கள். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் வைத்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரிவான பிறகு என் வகுப்பில் பத்தரை மணிக்குத் தூங்கி விழுகிற தலை குறைந்தது. அதற்கு முன்னால் 34 வருஷம் அதை மந்தம் என்று நினைத்து நான் திட்டியிருக்கிறேன். அடுத்தது, அவர்கள் பெயரில் உள்ள எழுத்திலிருந்து ஆரம்பியுங்கள், புத்தக வரிசையை மறந்துவிடுங்கள்.

நானே எழுத்தை இரண்டு முறை கற்றவள். எங்கள் காலத்து ‘லை’க்கு முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி உண்டு. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து தும்பிக்கையை எடுத்துவிட்டார்கள். அதற்குள் எனக்கு அது கையில் ஊறிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பலகையில் ‘மலை’ எழுதும்போது பழைய சுழி வந்துவிட்டது. ஒரு பெண் எழுந்து, “டீச்சர், மலைமேல பாம்பு” என்றாள்.

கடைமடை_விவசாயி
4 ஜனவரி 2026, பகல் 2.15

பாம்பு நல்லா இருக்கு டீச்சரம்மா.

நான் யோசிச்சுட்டு வந்தேன். உங்க கேள்வி ‘இனி எப்ப பிறக்கும்’ங்கிறது. எங்க வயல்ல ஒரு வழக்கம். சம்பா முத்தி, அறுக்க ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே நிக்கிற நெல்லுக்குள்ள உளுந்தைத் தெளிச்சுடுவோம். கால் பதியிற ஈரம் இருக்கணும், தண்ணி நிக்கக்கூடாது. அறுப்பு முடியிறப்ப கீழே உளுந்து ரெண்டு இலை விட்டுருக்கும். அந்த ஈரத்துலயும் பனியிலயும் வளந்துடும், தனியா தண்ணி கேட்காது. மேட்டூரை ஜனவரி 28-ல மூடிடுவாங்களே, அதுக்கப்புறம் எங்களுக்கு மிஞ்சுறது பனிதான்.

இதை நீங்க உடனே உவமை ஆக்கிடுவீங்க, வாத்தியாருங்க பழக்கம் அது. ஆக்காதீங்க. இப்ப அறுக்குறது மெஷின். பெல்ட் மெஷின் ஒரு சுத்து வந்தா உளுந்துல பாதி சேத்தோட போயிடும். அதனால நிறைய பேர் தெளிக்கிறதையே விட்டுட்டாங்க. நானும் இந்த வருஷம் ரெண்டு மா நிலத்துலதான் தெளிக்கப் போறேன், வீட்டுச் செலவுக்கு. டிட்வா மழையில முங்கி எந்திரிச்ச பயிரு, எப்ப முத்தும்னு அதுக்கே தெரியல. பொங்கல் சமயத்துல மழை வராம இருக்கணும். 2021 ஜனவரியில வந்த மாதிரி வந்துச்சுன்னா கதிரு தலையைச் சாச்சு வயல்லயே முளைச்சிடும்.

ஒண்ணு கேக்கறேன். தண்ணி வர்றதை நீங்க பாத்திருக்கீங்களா? மொதத் தண்ணி?

வீரசோழன்கரை_டீச்சர்
5 ஜனவரி 2026, இரவு 9.10

இன்று பள்ளி திறந்தோம். 41 பேரில் 33 பேர் வந்தார்கள், மற்றவர்கள் இன்னும் சொந்தக்காரர் வீட்டிலிருந்து திரும்பவில்லை. மூன்றாம் பருவப் புத்தகம் கொடுத்தாயிற்று, எல்லாரும் முதலில் முகர்ந்துதான் பார்த்தார்கள். கூரை போட்ட ‘பி’யைப் பற்றி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் விசாரணை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். என் மேல் இன்னும் சந்தேகம் வரவில்லை.

அண்ணே, உங்கள் கேள்வி நேற்று ராத்திரி தூங்கவிடவில்லை. பார்த்ததில்லை. ஆற்றங்கரையிலிருந்து பள்ளி இருநூறு அடி. 37 ஜூன் இருந்திருக்கிறேன். கல்லணைக்கு வந்து, அங்கே திறந்து, எங்கள் வீரசோழன் ஆற்றுக்குத் தண்ணீர் வருகிற நேரம் எந்த வருஷமும் நான் வகுப்பில்தான் இருந்திருக்கிறேன். இல்லையென்றால் ராத்திரியில் வந்துவிடும், காலையில் பார்த்தால் ஆறு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், ரொம்ப நாளாக ஓடுகிற மாதிரி.

எனக்குத் தண்ணீர் வந்த செய்தி எப்போதும் கால்களில்தான் வந்தது. பத்து மணிக்கு மேல் நாலு பையன்கள் வாசலில் வந்து நிற்பார்கள். முட்டி வரை சேறு, டவுசர் நனைந்திருக்கும், மூச்சு வாங்கும். நான் கேட்பேன்: “ஏன் லேட்?” ஒருவனும் வாயைத் திறக்க மாட்டான். வெளியே நிற்கவைப்பேன். இப்போது கணக்குப் பார்க்கிறேன், 37 வருஷத்தில் எத்தனை பேரை அந்தக் காலோடு வெயிலில் நிற்கவைத்திருப்பேன்! ஒருவனிடமாவது தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டிருக்கலாம்.

பேத்தி நேற்று ஊருக்குப் போகும்போது சொன்னேன், “இந்த வருஷம் அம்மாச்சி முதல் தண்ணீர் வருவதைப் பார்க்கப் போகிறேன், அதுதான் என் தீர்மானம்” என்று. “அது ரெசல்யூஷன் இல்ல அம்மாச்சி, வேடிக்கை பாக்குறது” என்றாள்.

எப்படி வரும், சொல்லுங்கள்.

கடைமடை_விவசாயி
5 ஜனவரி 2026, இரவு 10.30

சத்தத்தோட வரும்னு நினைப்பீங்க, வராது. முதல்ல நாய் ஓடி வரும், அது பின்னால பசங்க. அவங்களுக்குப் பின்னால ஒரு முழ உயரம்கூட இருக்காது, பழுப்பா நுரையைத் தள்ளிக்கிட்டு மெதுவா வரும். சருகு, பாட்டிலு, ஒத்தச் செருப்பு, போன வருஷத்து விநாயகர் குச்சி எல்லாம் முன்னால. நடுவுல ஆத்துல பள்ளம் இருந்தா அதை ரொப்பிட்டுத்தான் நகரும், அதுவரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கும், நமக்குத்தான் பொறுக்காது. வெடிப்புக்குள்ள இறங்குறப்ப ஒரு சத்தம் வரும் பாருங்க, சூடான தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சாப்பல. அப்புறம் மண் வாசம். தேளு, நட்டுவாக்காலி எல்லாம் கரையேறும், செருப்புப் போட்டுக்கிட்டு நில்லுங்க.

மேட்டூர் திறந்து கல்லணைக்கு மூணு நாலு நாள். அங்கேர்ந்து உங்களுக்கு எப்பன்னு ஷட்டர் பாக்குற லஸ்கரைக் கேட்டு வச்சுக்குங்க. அணை திறந்த அன்னிக்கே இங்க எழுதிடறேன். ஜூன் வெயில், குடையும் எடுத்துக்குங்க.